எட்டு கிலோபைட்டில் ஒரு ஃபுட்பால் சீசன்

வீட்டிற்குப் புதியதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "கேம்ஸ் விளையாடுகிறோம்" என்பதைச் சற்றுத் தயங்கித்தான் சொல்வார்கள். தயங்க வேண்டியதில்லை. ரோம், ரேம், பிட், பைட், பேக்அப் போன்ற சொற்களைப் புத்தகத்தில் படித்தால் கொட்டாவி வரும். ஒரு பழைய கேமைத் திறந்து பார்த்தால் அவை மனதில் பதிந்துவிடும். நான் நான்கு ஆண்டுகள் இன்ஜினியரிங் படித்து, சாப்ட்வேர் எழுதுவதையே வேலையாகக் கொண்டவன். ஆனாலும் மெமரி என்றால் என்ன, அதனை ஏன் பாதுகாக்க வேண்டும் என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு பழைய கேம் கார்ட்ரிட்ஜ்தான். அதன் பெயர் டெக்மோ சூப்பர் பவுல்.

இந்தக் கட்டுரையில் முதலில் அந்த கேமையும், அது இயங்கும் விதத்தையும் பார்க்கலாம். அதன் பிறகு, நண்பர் ஒருவருக்காக ஒரு கார்ட்ரிட்ஜில் இருந்த எட்டு கிலோபைட் தகவலை நான் காப்பாற்ற முயன்ற கதையைச் சொல்கிறேன். அதில் நான் செய்த தவறை நீங்கள் செய்யாமல் இருக்கலாம் அல்லவா?

கார்ட்ரிட்ஜ் காலத்து கேம்

இன்று ஒரு கேம் வேண்டும் என்றால் இணையத்தில் இருந்து டவுன்லோட் செய்கிறோம். அதற்கு முன் சிடி, டிவிடிகளில் வாங்கினோம். அதற்கும் முந்தைய காலத்தில் கேம் கார்ட்ரிட்ஜில் வந்தது. உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் ஒரு சிறிய சர்க்யூட் போர்டு. அதில் சில சிப்கள். இந்தப் பெட்டியைக் கேம் கன்சோலில் செருகி, கன்சோலை டிவியுடன் இணைத்து விளையாட வேண்டும்.

ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 1983-ல் தன் நாட்டில் ஃபேமிகாம் என்ற கன்சோலை வெளியிட்டது. இதுவே வடிவம் மாற்றப்பட்டு, 1985 முதல் அமெரிக்காவில் நின்டென்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. சுருக்கமாக நெஸ் என்று அழைப்பார்கள். அமெரிக்காவில் அந்நாளைய சிறுவர்களைக் கேட்டால், கிறிஸ்துமஸ் பரிசாக எல்லோரும் விரும்பியது இதைத்தான் என்பார்கள்.

டெக்மோ என்பதும் ஜப்பானிய நிறுவனம்தான். பின்னாளில், 2009-ல், கோயி என்ற மற்றொரு கேம் நிறுவனத்துடன் இணைந்தது. அமெரிக்கர்கள் உயிராக நேசிக்கும் ஃபுட்பால் விளையாட்டை டெக்மோ 1987-ல் கேம் சென்டர்களில் காசு போட்டு விளையாடும் மெஷினாகக் கொண்டு வந்தது. பெயர் டெக்மோ பவுல். 1989-ல் அது நெஸ் கார்ட்ரிட்ஜாக அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தது. அதன் அடுத்த பதிப்பாக 1991 டிசம்பரில் வந்ததுதான் டெக்மோ சூப்பர் பவுல்.

விளையாட்டை அறிந்து கொள்வோம்

அமெரிக்கன் ஃபுட்பால் நாம் அறிந்த கால்பந்து அல்ல. பந்தைக் காலால் உதைப்பதை விடக் கையில் எடுத்துக் கொண்டு ஓடுவதும், எறிவதுமே அதிகம். ஒவ்வொரு அணிக்கும் களத்தில் 11 பேர். மைதானத்தின் நீளம் 100 கெஜம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் தரப்படும். அதற்குள் குறைந்தது 10 கெஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்புகள். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு. எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டு சென்றால் டச் டவுன், ஆறு புள்ளிகள்.

ஒவ்வொரு வாய்ப்பிற்கும் முன்னால் அணிகள் கூடி நின்று, இம்முறை ஓடுவதா, எறிவதா, யாரிடம் எறிவது என்று முடிவு செய்யும். எதிரணியும் அவர்கள் என்ன செய்வார்கள் என்று ஊகித்துத் தயாராகும். இந்த ஊகிப்பில்தான் விளையாட்டின் உயிர் இருக்கிறது.

இந்த உயிரை டெக்மோ இரண்டே பொத்தான்கள் கொண்ட கன்ட்ரோலருக்குள் அடக்கியது. டெக்மோ சூப்பர் பவுலில் ஒவ்வொரு அணிக்கும் எட்டு திட்டங்கள். நான்கு ஓட்டத் திட்டங்கள். நான்கு எறிதல் திட்டங்கள். நான்கு திசைகள், இரண்டு பொத்தான்கள், பெருக்கினால் எட்டு. இருவர் ஒரே திரையைப் பார்த்துக் கொண்டு விளையாடினாலும், ஒருவர் அழுத்துவது மற்றவருக்குத் தெரியாது. தடுக்கும் அணியும் அதே எட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊகம் சரியாக இருந்தால் பந்து வைத்திருப்பவரைத் தடுக்கும் வீரர்கள் உடனே சூழ்ந்து கொள்வார்கள். தவறினால் மைதானம் திறந்து கிடக்கும். விதி இவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் யாரும் கற்றுக் கொள்ளலாம். ஆனால் எதிரில் இருப்பவரின் மனதைப் படிக்க ஆண்டுகள் ஆகும்.

1989-ல் வந்த முதல் பதிப்பில் 12 அணிகள், ஒரு பக்கத்திற்கு ஒன்பது வீரர்கள், நான்கே திட்டங்கள். 1991-ல் வந்ததில் அன்றைய 28 அணிகளும், 11 வீரர்களும், அந்த ஆண்டின் முழுப் போட்டி அட்டவணையும் இருந்தன. சீசன் முழுவதும் ஒவ்வொரு வீரரும் எத்தனை கெஜம் ஓடினார், எத்தனை டச் டவுன் எடுத்தார் என்று கேம் கணக்கு வைத்துக் கொண்டது. இன்று இது சாதாரணம். அன்று, ஒரு கார்ட்ரிட்ஜ் இதனைச் செய்தது சிறுவர்களை வாய் பிளக்க வைத்தது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

நெஸ் கன்சோலின் ப்ராசசர் வேகம் சுமார் 1.79 மெகா ஹெர்ட்ஸ். உங்கள் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரின் ப்ராசசர் 3 கிகா ஹெர்ட்ஸ் என்றால், கடிகாரத் துடிப்பில் மட்டும் அது ஆயிரம் மடங்குக்கும் மேல் வேகமானது. நெஸ்ஸின் ரேம் மெமரி 2 கிலோபைட். மெகாபைட் என்று படித்துவிட வேண்டாம்; கிலோபைட்தான். திரைப் படத்திற்கெனத் தனியாக இன்னொரு 2 கிலோபைட். டெக்மோ சூப்பர் பவுல் கேம் முழுவதும், அதாவது புரோகிராம், படங்கள், இசை, வீரர்களின் பெயர்கள் எல்லாம் சேர்த்து 384 கிலோபைட். உங்கள் மொபைல் போனில் எடுக்கும் ஒரு போட்டோ 4 மெகாபைட் இருந்தால், அந்த இடத்தில் இந்த கேமைப் பத்து முறை வைக்கலாம்.

திரையில் அசையும் சிறு படங்களுக்கு ஸ்ப்ரைட் என்று பெயர். நெஸ் ஒரே நேரத்தில் 64 ஸ்ப்ரைட்களைத்தான் காட்டும். அதிலும் ஒரே படுக்கைக் கோட்டில் எட்டுக்கு மேல் காட்டாது. ஒரு வீரரை வரையவே பல ஸ்ப்ரைட்கள் வேண்டும். இரு அணிகளுக்கும் சேர்த்து 22 வீரர்கள். எப்படிச் சமாளிப்பது? மைதானத்தின் ஒரு பகுதி மட்டுமே திரையில் தெரிகிறது. அந்தப் பகுதிக்குள் இருப்பவர்களை மட்டும் வரைந்தால் போதும். அப்படியும் வீரர்கள் ஒரே கோட்டில் நெருங்கி நிற்கும்போது படம் மினுமினுக்கும். டிவியில் கோளாறு என்று நினைத்துத் தலையில் தட்டியவர்கள் உண்டு. உண்மையில் அது ஹார்டுவேரின் எல்லை.

அரை பைட்டில் ஒரு திறன்

இந்தப் பகுதிதான் ஒரு புரோகிராமராக என்னைக் கவர்ந்தது. சற்றுப் பொறுமையாகப் படிக்கவும்.

ஒவ்வொரு அணிக்கும் 30 வீரர்கள். 28 அணிகளுக்கு 840 வீரர்கள். ஒவ்வொருவருக்கும் ஓட்ட வேகம், மோதும் பலம், அதிகபட்ச வேகம், பந்தைப் பிடிக்கும் திறன் எனப் பல மதிப்பெண்கள். கேமில் இந்த மதிப்பெண்களைப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். 6, 13, 19, 25, 31, 38, 44, 50, 56, 63, 69, 75, 81, 88, 94, 100. இவை மட்டுமே வரும். 70 என்றோ, 90 என்றோ எவருக்கும் மதிப்பெண் கிடையாது. ஏன்?

எண்ணிப் பாருங்கள், மொத்தம் 16 எண்கள். கம்ப்யூட்டர் 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில் கணக்கிடுகிறது என்று படித்திருப்பீர்கள். அந்த ஒரு இலக்கம்தான் பிட். நான்கு பிட்களை வைத்து 0000 முதல் 1111 வரை 16 விதமாக எழுதலாம். எட்டு பிட்கள் சேர்ந்தது ஒரு பைட். எனவே நான்கு பிட் என்பது அரை பைட். இதனை நிபிள் என்பார்கள். ஒரு திறனுக்கு அரை பைட் என்றால், ஒரே பைட்டில் இரண்டு திறன்களை அடைத்துவிடலாம். 100 என்பதை 16 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு 6.25. அதன் மடங்குகளை முழு எண்ணாக்கினால் மேலே உள்ள பட்டியல் அப்படியே கிடைக்கும். 0000 என்றால் 6. 1111 என்றால் 100.

போ ஜாக்சன் என்ற வீரரை எடுத்துக் கொள்வோம். லாஸ் ஏஞ்சல்ஸ் ரெய்டர்ஸ் அணியில் இருந்தவர். இவரது அதிகபட்ச வேகம் 75. அதாவது கார்ட்ரிட்ஜைப் பொறுத்தவரை 1011. இந்த நான்கு பிட்கள் அமெரிக்காவில் எத்தனையோ நண்பர்களுக்குள் சண்டை மூட்டியிருக்கின்றன. ஏனெனில், இவரிடம் பந்து போனால் பிடிப்பது மிகக் கடினம். இங்கும் அங்கும் வளைந்து ஓடியே நேரத்தைத் தீர்த்துவிடலாம்.

நிஜ போ ஜாக்சனுக்கு 1991 ஜனவரி 13 அன்று ஒரு போட்டியில் இடுப்பில் காயம் ஏற்பட்டது. அத்துடன் அவரது ஃபுட்பால் வாழ்க்கை முடிந்தது. கேம் கடைக்கு வந்தது அந்த ஆண்டு டிசம்பரில். சிறுவர்கள் அதனை டிவியில் போட்டபோது நிஜ வீரர் களத்தில் இல்லை. கார்ட்ரிட்ஜில் மட்டும் ஓடிக் கொண்டிருந்தார். இன்றும் அதே 1011-இல்தான் ஓடுகிறார்.

பெயர் இல்லாத வீரர்

நிஜ அணிகளின் பெயரையும் வீரர்களின் பெயரையும் ஒரு கேமில் போட வேண்டும் என்றால் உரிமம் பெற வேண்டும். அணிகளின் பெயர், சின்னம் ஆகியவற்றிற்கு என்.எப்.எல். அமைப்பிடம், வீரர்களின் பெயர்களுக்கு அவர்களின் சங்கத்திடம். 1989-ல் வந்த டெக்மோ பவுலுக்கு வீரர்கள் சங்கத்தின் உரிமம் மட்டுமே இருந்தது. எனவே அதில் நிஜ வீரர்கள் இருந்தார்கள். அணிகள் ஊர்ப் பெயரில் மட்டும் அழைக்கப்பட்டன. 1991-ல் இரண்டு உரிமங்களும் கிடைத்தன.

ஆனாலும் ஜிம் கெல்லி, ராண்டல் கன்னிங்ஹாம், பெர்னி கோசார் ஆகிய மூன்று முன்னணி வீரர்களின் பெயர்கள் சங்கத்தின் உரிமத்திற்குள் வரவில்லை. எனவே கேமில் இவர்களுக்குப் பெயர் இல்லை. பந்தை எறிபவரைக் குவார்ட்டர்பேக் என்பார்கள், சுருக்கம் கியூ.பி. கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணிக்கு ஆடிய பெர்னி கோசார் இந்த கேமில் "கியூ.பி. பிரவுன்ஸ்" ஆகிவிட்டார்.

இந்தப் பெயரில்லாத வீரரிடம் இருந்துதான் என் கதை தொடங்குகிறது.

நண்பரின் கார்ட்ரிட்ஜ்

நான் பணி நிமித்தம் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள கிளீவ்லேண்டில் இருந்தபோது, அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். நாற்பதுகளில் இருப்பவர். நான் சாலிடரிங் செய்வேன் என்று தெரிந்ததும் ஒருநாள் ஒரு சாம்பல் நிறக் கார்ட்ரிட்ஜைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தார். மேலே டெக்மோ சூப்பர் பவுல் என்று இருந்தது.

1991 கிறிஸ்துமஸுக்கு அவருக்கும் அவர் தம்பிக்கும் சேர்த்து வீட்டில் வாங்கித் தந்தது அது. தம்பி எப்போதும் பிரவுன்ஸ் அணியைத்தான் எடுப்பாராம். முந்தைய 1990 சீசனில் 16 போட்டிகளில் மூன்றே மூன்றில் ஜெயித்த அணி அது. "வேறு நல்ல அணியை எடுடா" என்றால் கேட்க மாட்டாராம். அண்ணன் எடுப்பது அதே மாநிலத்து எதிரியான சின்சினாட்டி பெங்கால்ஸ்.

பெரியவர்களான பிறகு, 2002 கிறிஸ்துமஸ் விடுமுறையில் இருவரும் வீட்டில் கூடியபோது பழைய கன்சோலை எடுத்து ஒரு சீசன் தொடங்கினார்கள். இந்த கேமில் 28 அணிகளில் எதனை நாம் ஆடுவது, எதனை கம்ப்யூட்டர் ஆடுவது என்று தனித்தனியாக அமைக்கலாம். இருவரும் தங்கள் அணிகளைத் தாங்களே ஆடினார்கள். இரு அணிகளும் சீசனில் இரு முறை மோத வேண்டும். முதல் மோதலில் தம்பி ஜெயித்தார். இரண்டாவது மோதலுக்கு முந்தைய வாரம் வரை ஆடி முடித்தபோது தம்பி ஊருக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. மீதியைக் கோடையில் பார்த்துக் கொள்ளலாம் என்று நிறுத்தினார்கள். அடுத்த வசந்தத்தில் ஒரு சாலை விபத்தில் தம்பி இறந்துவிட்டார்.

அதன் பிறகு நண்பர் அந்தக் கார்ட்ரிட்ஜைக் கன்சோலில் போடவே இல்லை. "அந்த சீசன் இன்னும் உள்ளே இருக்குமா? இருந்தால் அதை வெளியே எடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

ரோம், ரேம், ஒரு பேட்டரி

இந்த இடத்தில் சிறிது பாடம். கேம் எழுதப்பட்டிருப்பது ரோம் சிப்பில். ரோம் என்றால் படிக்க மட்டுமே முடியும். மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாது. ஆனால் சீசன் நடந்து கொண்டே இருக்கும் கணக்கு அல்லவா? அதனை எழுதவும், மாற்றவும் வேண்டும். அதற்கு ரேம் வேண்டும். ரேமுக்கு ஒரு குணம் உண்டு. மின்சாரம் நின்றால் எல்லாவற்றையும் மறந்துவிடும். நீங்கள் சேவ் செய்யாமல் டைப் செய்து கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கடிதம் காணாமல் போவது இதனால்தான்.

எனவே கார்ட்ரிட்ஜுக்குள் 8 கிலோபைட் ரேம் சிப் ஒன்றையும், அது மறந்துவிடாமல் இருக்கக் காசு வடிவ லித்தியம் பேட்டரி ஒன்றையும் வைத்தார்கள். சி.ஆர்.2032 என்ற அந்தப் பேட்டரி துளித் துளியாக மின்சாரம் கொடுத்து ரேமை விழித்திருக்க வைக்கும். முப்பது ஆண்டுகளைக் கடந்தும் உயிரோடு இருக்கும் பேட்டரிகள் உண்டு. பத்து, பதினைந்து ஆண்டுகளில் இறந்தவையும் உண்டு. இறந்தால் சீசன் போயிற்று. எந்த எச்சரிக்கையும் வராது.

ஆகவே நண்பரிடம் நான் சொன்ன முதல் விஷயம், "கன்சோலில் போட்டுப் பார்க்க வேண்டாம்" என்பதுதான். பழைய நெஸ்ஸில் கார்ட்ரிட்ஜ் சரியாகப் பொருந்தாமல் கேம் தடுமாறுவது சகஜம். அப்படித் தடுமாறும்போது சேவ் செய்த தகவல் கெட்டுப் போகலாம். பேட்டரி உள்ள பல நெஸ் கார்ட்ரிட்ஜ்களில், ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்துக் கொண்டே பவரை அணைக்க வேண்டும் என்று சொல்லியிருப்பதும் இதற்காகத்தான்.

நான் செய்த தவறு

கார்ட்ரிட்ஜைச் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் திறக்க முடியாது. 3.8 மில்லிமீட்டர் அளவில் தனி வடிவ முனை வேண்டும். அதனை வாங்கித் திறந்து, மீட்டரை வைத்துப் பார்த்தேன். புதிய பேட்டரி என்றால் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும். இது 2.7 காட்டியது. உயிர் இருக்கிறது, ஆனால் காத்திருக்க நேரமில்லை.

பேட்டரி போர்டில் சாலிடர் செய்யப்பட்டிருந்தது. அதனைக் கழற்றினால் அந்த நொடியே ரேம் எல்லாவற்றையும் மறந்துவிடும். எனவே முதலில் காப்பி எடுக்க வேண்டும். பிறகுதான் பேட்டரியைத் தொட வேண்டும். கார்ட்ரிட்ஜைச் செருகி, யு.எஸ்.பி. வழியாகக் கம்ப்யூட்டரில் படிக்க உதவும் கருவிகள் கிடைக்கின்றன. அப்படி ஒன்றை வாங்கினோம்.

ஒரு சனிக்கிழமை காலை. நண்பர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவசரம். கார்ட்ரிட்ஜைச் செருகி, படிக்கச் சொன்னேன். சில நொடிகளில் 8,192 பைட் கொண்ட பைல் ஒன்று டெஸ்க்டாப்பில் வந்தது. "கிடைத்துவிட்டது" என்று சொல்லியும் விட்டேன். பழக்கத்தின் காரணமாக இன்னொரு முறை படித்து, இரண்டு பைல்களையும் ஒப்பிட்டேன். பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பார்க்கும் எப்.சி. என்ற கட்டளை விண்டோஸில் உள்ளது. திரையில் வரிசையாக வேறுபாடுகள் ஓடின. ஒரே சிப்பை இரு முறை படித்தால் இரண்டு விதமாக வருகிறது. எது உண்மை? இரண்டுமே பொய்யாகவும் இருக்கலாம்.

நண்பர் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே புரிந்து கொண்டிருப்பார். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. அலுவலகத்தில் ஒரு சர்வரில் தவறு நேர்ந்தால் நேற்றைய பேக்அப் இருக்கும். இதற்கு நேற்று என்பதே இல்லை.

கார்ட்ரிட்ஜைக் கழற்றி, விளிம்பில் உள்ள உலோகப் பட்டைகளைப் பார்த்தேன். முப்பது ஆண்டு அழுக்கு. படிப்பதற்கு முன் முதலில் செய்திருக்க வேண்டிய வேலையை மறந்திருக்கிறேன். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் நனைத்து மெதுவாகத் துடைத்தேன். பஞ்சு கறுப்பாக வந்தது. அது வெள்ளையாக வரும் வரை ஆறேழு குச்சிகள். நன்கு காய விட்டு மீண்டும் படித்தேன். மூன்று முறை. மூன்று பைல்களையும் ஒப்பிட்டபோது வேறுபாடுகள் எதுவும் இல்லை என்று வந்தது.

அப்போதும் "கிடைத்துவிட்டது" என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்றும் ஒரே மாதிரி இருந்தால், சரியாகப் படித்திருக்கிறோம் என்று பொருள். படித்தது அந்த சீசன்தானா என்பது வேறு கேள்வி. அதே கார்ட்ரிட்ஜில் இருந்து எடுத்த கேம் பைலையும், இந்த சேவ் பைலையும் எமுலேட்டரில் திறந்தோம். எமுலேட்டர் என்பது ஒரு கருவி இயங்குவதைப் போலவே நடித்துக் காட்டும் சாப்ட்வேர். சீசன் மெனுவைத் திறந்து பார்த்தோம். அடுத்து நடக்க வேண்டிய போட்டிகளின் வரிசை வந்தது. அதில் பிரவுன்ஸ், பெங்கால்ஸ் போட்டி அப்படியே காத்துக் கொண்டிருந்தது.

நண்பர் அந்த மெனுவில் இருந்து பிரவுன்ஸ் அணியின் கணக்கிற்குப் போனார். கியூ.பி. பிரவுன்ஸ் எத்தனை முறை எறிந்தார், எத்தனை டச் டவுன் என்று வரிசையாக எண்கள். கேமுக்கு அந்த வீரரின் பெயர் தெரியாது. அந்த எண்கள் ஒவ்வொன்றும் தம்பியின் விரல் அழுத்தியதால் வந்தவை என்பதும் தெரியாது. நண்பருக்கு இரண்டும் தெரியும். நான் காபி எடுத்து வரச் சமையலறைக்குப் போய்விட்டேன்.

காப்பி இருந்தால்தான் தைரியம்

அந்த பைலை என் லேப்டாப்பில் ஒன்று, அவர் கம்ப்யூட்டரில் ஒன்று, ஒரு பென் டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என நான்கு இடங்களில் வைத்தோம். அதன் பிறகே பழைய பேட்டரியைக் கழற்றினேன். புதிய சி.ஆர்.2032-ஐ, அடுத்த முறை சாலிடர் செய்யத் தேவைப்படாதபடி ஒரு சிறிய ஹோல்டரில் பொருத்தினேன். பைலை மீண்டும் கார்ட்ரிட்ஜில் எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டோம். சரியாக இருந்தது.

"இப்போது உள்ளே இருப்பது அவன் சேவ் செய்ததுதானா, அல்லது நீ எழுதியதா?" என்று நண்பர் கேட்டார். இன்ஜினியராகப் பதில் சொன்னேன். 8,192 பைட், 65,536 பிட். ஒரு பிட் கூட மாறவில்லை. அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "சரி, எனக்கு அது போதும்" என்றார்.

பிறகு எமுலேட்டரில் அந்த நிலுவைப் போட்டியை ஆடிப் பார்க்கலாமா என்று அவரே கேட்டார். ஆடுவது காப்பியில்தானே? பிரவுன்ஸ் அணியை என்னிடம் கொடுத்தார். வாழ்நாளில் நான் ஆடிய முதல் அமெரிக்கன் ஃபுட்பால் போட்டி. நான் எந்தத் திட்டத்தை எடுப்பேன் என்று அவர் ஒவ்வொரு முறையும் ஊகித்துவிட்டார். 42-க்கு 7 என்று தோற்றேன். "என் தம்பி இப்படித் தோற்க மாட்டான்" என்று சிரித்துவிட்டு, அந்தக் காப்பியை அழித்தார். கார்ட்ரிட்ஜில் அந்தப் போட்டி இன்னும் ஆடப்படாமல் இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும் என்பது அவர் விருப்பம்.

உங்கள் கம்ப்யூட்டரில் கவனிக்க வேண்டியவை

இதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். சிலவற்றை இங்கே தருகிறேன்.

முதலாவதாக, உங்கள் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் அதே சி.ஆர்.2032 பேட்டரி இருக்கும். கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் தேதியும் நேரமும் ஓடுவது அதனால்தான். கம்ப்யூட்டரை இயக்கும்போதெல்லாம் பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியைக் காட்டினால், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அறியவும். தேதி தவறாக இருந்தால் பல இணைய தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும். வைரஸ் என்று பயந்துவிட வேண்டாம். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டுப் பேட்டரியை மாற்றினால் போதும். பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவரை அழைத்துச் செய்து கொள்ளவும்.

இரண்டாவதாக, எது முக்கியமான பைல் என்பதை அதன் அளவு சொல்லாது. 4 மெகாபைட் போட்டோ ஒன்றின் இடத்தில் அந்த சீசனைப் போல 512 சீசன்களை வைக்கலாம். ஆனால் நண்பருக்கு அந்த எட்டு கிலோபைட்டை விடப் பெரியது வேறில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் அப்படி எது என்று யோசித்துப் பாருங்கள். அம்மாவின் குரல் பதிவா, குழந்தையின் முதல் போட்டோவா, அப்பா எழுதிய கணக்கா? அந்த போல்டரை இன்றே தனியாகக் குறித்து வைக்கவும்.

மூன்றாவதாக, ஒரே கம்ப்யூட்டரில் வேறு போல்டரில் காப்பி செய்து வைப்பது பேக்அப் ஆகாது. ஹார்ட் டிஸ்க் போனால் இரண்டும் போகும். மூன்று காப்பிகள் இருக்கட்டும். இரண்டு வெவ்வேறு வகைக் கருவிகளில் இருக்கட்டும். அதில் ஒன்று வீட்டிற்கு வெளியே, உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும்.

நான்காவதாக, திறந்து பார்க்காத பேக்அப்பை நம்ப வேண்டாம். அந்தச் சனிக்கிழமை முதல் பைலுடன் நான் நிறுத்தியிருந்தால், குப்பையைப் பத்திரமாக நான்கு இடங்களில் வைத்துவிட்டுப் பேட்டரியைக் கழற்றியிருப்பேன். காப்பி எடுத்ததும் சில பைல்களையாவது காப்பியில் இருந்தே திறந்து பார்க்கவும்.

ஐந்தாவதாக, எமுலேட்டர் பற்றி. பழைய கேம்களுக்கும் காப்புரிமை உண்டு. இணையத்தில் கிடைக்கிறது என்பதற்காக எதையும் டவுன்லோட் செய்வது சரியல்ல. மேலும், நெஸ் கேம் பைல் சில நூறு கிலோபைட்தான் இருக்கும். பழைய கேம் என்று சொல்லி, இன்ஸ்டால் செய்யும் செட்டப் பைல் ஒன்றைத் தந்தால் அது கேம் அல்ல. உங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழையப் பார்க்கும் வேறு ஏதோ ஒன்று. தொடாமல் விலகிவிடவும்.

டெக்மோ சூப்பர் பவுல் இன்றும் அமெரிக்காவில் விளையாடப்படுகிறது. விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் இதற்கெனப் போட்டி நடத்துகிறார்கள். ரசிகர்கள் புதிய சீசன்களின் அணிகளையும் வீரர்களையும் அந்தப் பழைய கேமுக்குள் எழுதி விளையாடுகிறார்கள். ஒரு திறனுக்கு அரை பைட் வீதம் 1991-ல் போட்ட அந்தக் கணக்கு இன்னும் தாங்குகிறது. பேட்டரிகள்தான் தாங்குவதில்லை.

இந்த இதழைப் படித்து முடித்ததும் ஒரு பென் டிரைவைத் தேடி எடுங்கள். மேலே நீங்கள் குறித்து வைத்த அந்த ஒரு போல்டரை அதில் காப்பி செய்யவும். பிறகு, அதில் இருந்தே ஒரு பைலைத் திறந்து பார்க்கவும். பத்து நிமிடம்தான் ஆகும்.